பயிற்சி வார்டில் நோயாளியாகப் படுத்த நாள்

1

நான் வேலை பார்க்கும் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள் இருக்கின்றன. பதினொன்றில் பொம்மைகள் படுத்திருக்கின்றன. பன்னிரண்டாவது கட்டில் ஆள் வந்து படுப்பதற்காகக் காலியாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அதில் நான் படுத்தேன். அன்றைக்கு நடந்ததைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் பார்க்க ஆரம்பித்தால் நாக்கு உள்ளே போய்விடும். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை.

இது ஆஸ்பத்திரி இல்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இங்கே தமிழில் தாதியர் என்று எழுதுகிறார்கள். அந்தப் பள்ளியின் நாலாவது மாடியில், நிஜ வார்டு போலவே திரை, ஆக்ஸிஜன் குழாய், அழைப்பு மணி எல்லாம் வைத்து ஒரு வார்டு கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கே கைப்பழக்கம் எடுத்துத் தேறிய பிறகுதான் நிஜ ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்.

என் வேலை காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். பொம்மைகளைத் துடைக்க வேண்டும். விரிப்பு மாற்ற வேண்டும். ரத்தம் எடுத்துப் பழகும் ரப்பர் கைகளுக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஊசி குத்திக் குத்திச் சல்லடையான பஞ்சுத் துண்டுகளை மாற்ற வேண்டும். ஒரே பொம்மையை ஒரு நாள் ஆணாகவும் ஒரு நாள் பெண்ணாகவும் வைப்பார்கள். அதற்கு மார்பையும் இடுப்புக்குக் கீழே உள்ளதையும் கழற்றி மாட்ட வேண்டும். முதல் வாரம் அந்த வேலையைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்தேன்.

பிள்ளைகள் பொம்மையைத் தொடுவதற்கு முன் அதனிடம் பேசுவார்கள். "வணக்கம் மிஸ்டர் டான், நான் மாணவத் தாதி. உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சொல்ல முடியுமா? இப்போது உங்கள் கையைத் தொடப்போகிறேன், சரியா?" இதை ஆங்கிலத்தில், முழுசாக, பதில் சொல்லாத ஒரு ரப்பர் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். சொல்லாமல் தொட்டால் மதிப்பெண் போய்விடும். முதலில் நான் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆன பிறகு, காலையில் பொம்மையைத் துடைக்கப் போகும்போது என் வாயிலும் ஏதோ ஒன்று முணுமுணுப்பாக வர ஆரம்பித்தது. யாரும் இல்லாத நேரம்தான்.

2

என் அக்கா அமுதாவும் நர்ஸ்தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காத நர்ஸ். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். அக்காவைப் பதினெட்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்த்தார்கள். டாக்டர் சொன்ன பாடம் ஒன்றுதான்: "நான் போடுறதைப் பாரு, அப்புறம் நீ போடு." நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் போட வேண்டும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ரைஸ் மில்லில் உமி அள்ளிக்கொண்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தது அக்காவுக்கு வசதியாகப் போய்விட்டது. அவள் வாழ்க்கையில் போட்ட முதல் ஊசி என் கையில்தான். தோளில் இருந்து முழங்கை வரை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. "வலிக்குதாடா?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றேன். அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

முப்பது வருடத்துக்கும் மேல் அவள் அதே கிளினிக்கில் இருக்கிறாள். ஊரில் எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வேலையில் நான் சேர்ந்ததும் போனில் அவளிடம் பொம்மைகளைப் பற்றிச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

"பொம்மைகிட்ட பேரு கேட்டுட்டு ஊசி போடறாங்களா? எனக்கு நீதான்டா பொம்மை. உன்கிட்ட நான் பேரு கூடக் கேக்கல."

சிரித்து முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு, "எனக்கு அப்படி ஒரு பொம்மை குடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

3

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவன் நான். அப்புறம் கப்பல் பட்டறையில் வண்ணம் அடித்தேன். மல்லிகாவை லிட்டில் இந்தியாவில் ஒரு கூட்டாளியின் கல்யாண விருந்தில் பார்த்தேன். இங்கேயே பிறந்தவள். பார்த்தது நான், பேசியது அவள். வேலை அனுமதியில் இருப்பவன் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள அரசாங்கத்தில் உத்தரவு வாங்க வேண்டும். அது வர ஒரு வருடம் போனது. பி.ஆர். என்று சொல்லும் நிரந்தரவாசம் கிடைக்க எத்தனை முறை எழுதிப் போட்டோம் என்று மல்லிகாவைத்தான் கேட்க வேண்டும். இப்போது தோ பாயோவில் மூன்று அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் மகள் காவியாவும் இருக்கிறோம். காவியாவுக்குப் பதினாறு வயது.

ஃபார்ம் நிரப்புவதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வியாழக்கிழமை நடந்தது முழுக்க அதில் இருந்து வந்ததுதான்.

வேலை அனுமதியில் வருகிறவனுக்கு வைத்தியப் பரிசோதனை உண்டு. ஒரு தாளில் வியாதிகளின் பெயர் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். என்னோடு தங்கியிருந்த முருகேசன் ஒரு முறை நெஞ்சு நோய்க்கு நேராக ஆம் என்று போட்டான். உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். மேலே மேலே பரிசோதனை வைத்து, கடைசியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் தங்குமிடத்தில் இருந்த இருபது பேரும் ஒரு பாடம் படித்தோம். எந்த ஃபார்ம் ஆனாலும், என்ன கேள்வி ஆனாலும், இல்லை. மேலிருந்து கீழே ஒரே கோடாக இல்லை.

பயிற்சிப் பள்ளியில் வருட ஆரம்பத்தில் ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். நோயாளியாகப் படுக்க வயதான தொண்டர்கள் வருவார்கள். யாராவது வராமல் போனால் அவசரத்துக்கு வார்டு ஊழியர்கள் படுக்கச் சம்மதமா என்று கேட்கும் தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காவியாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு வேகமாக வாசித்தாள்.

"டயபெட்டிஸ்?"

"நோ போடு."

"ஹார்ட் பிராப்ளம்?"

"நோ."

"ஹை பிளட் பிரஷர்?"

"நோ போடும்மா."

போனில் இருந்து தலையைத் தூக்கினாள். "பட் அப்பா, நீங்க மாத்திரை சாப்பிடறீங்க தானே?"

"அது சும்மா. நோ போடு."

"ஓகே லா, உங்க ஃபார்ம்" என்று போட்டுவிட்டுப் போனாள். அவளோடு நான் பேசுவது பெரும்பாலும் இப்படி ஒரு தாளை நடுவில் வைத்துக்கொண்டுதான். தாள் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும்.

அந்த மாத்திரையை நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு நிறுத்திவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

4

அந்த வியாழக்கிழமை முதல் வருடப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் நான்கையும் ஆளிடம் பார்த்துக் காட்ட வேண்டும். தேறியவர்கள் அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தேறாதவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்க மெஷின் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கையால் பார்க்கத் தெரியாதவனுக்கு மெஷின் தப்பாகக் காட்டினால் தெரியாது என்று புவனா மிஸ் சொல்வார். அவர்தான் அந்த வகுப்பு ஆசிரியர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவர் சொல்லிக்கொடுப்பதை ஓரமாக நின்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். முதலில் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று ஏற்ற வேண்டும். நாடி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்துக்கொண்டு காற்றை விட்டுவிட வேண்டும். அடுத்த முறை அதற்கு முப்பது மேலே ஏற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, மெதுவாக இறக்கிக்கொண்டே கேட்க வேண்டும். முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் எண். சத்தம் நிற்கும் இடம் கீழ் எண். "விரலை நம்பாம காதை நம்பாதீங்க" என்று மிஸ் நூறு முறை சொல்லியிருப்பார்.

காலை எட்டரைக்குத் தொண்டர் ஒருவர் வரவில்லை என்று போன் வந்தது. மிஸ் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க படுத்துக்கிறீங்களா? மூணு பேர் தான். சும்மா படுத்தா போதும்."

"நான் எப்படி மிஸ்…"

"பேச வேணாம்ணே. பேரு கேட்டா கார்டுல இருக்கிற பேரைச் சொல்லுங்க. பிரஷர் எல்லாம் நார்மல் தானே? ஃபார்ம்ல ஒண்ணும் இல்லைன்னு இருக்கு."

"நார்மல்தான் மிஸ்."

வழக்கமாக மிஸ் தானே ஒரு முறை அளந்து எழுதி வைத்துக்கொள்வார். அன்றைக்கு நேரம் இல்லை. கட்டில் காலில் ஒரு அட்டை மாட்டினார்கள். திரு. ராஜு, அறுபது வயது, மூட்டு வலி, போன முறை ரத்த அழுத்தம் 128/80. அதையே மிஸ் தன் தாளிலும் எழுதிக்கொண்டு, பொம்மையை எடுத்துவிட்டு இன்னொரு தொண்டரைப் படுக்க வைத்திருந்த பக்கத்துக் கட்டிலையும் சேர்த்துப் பார்க்கப் போய்விட்டார். நோயாளி மாணவருக்கு உதவி செய்யக் கூடாது, இது ஒன்றுதான் எனக்குச் சொன்ன விதி.

முதலில் ஜுன்வெய் என்ற சீனப் பையன் வந்தான். பெயர் கேட்டான். பதற்றத்தில் என் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். "அங்கிள், யூ ஆர் ராஜு" என்று காதோரம் சொன்னான். பிறந்த தேதி கேட்டான். பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொன்னேன். அதுவும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான். மணிக்கட்டில் அவன் விரல் வைக்கவில்லை. நேராகக் காற்றை ஏற்றினான். வட்ட டயலில் முள் நூற்று ஐம்பதைத் தாண்டவில்லை. கேட்டான், யோசித்தான், அட்டையைப் பார்த்தான், எழுதினான். 130/80. மிஸ் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்து நூருல் என்ற மலாய்ப் பெண். மென்மையான கை. அவளும் விரல் வைக்கவில்லை. 126/82.

மூன்றாவதாக வந்தவள் தர்ஷினி. நம் பிள்ளை. போன மாதம் நடந்த மாதிரித் தேர்வில் இதே ரத்த அழுத்தத்தில்தான் தோற்றாள். சத்தமே கேட்கவில்லை என்று சொல்லி அழுதவள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து, ரப்பர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

5

அவள் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள். என் கையைத் தொடப்போவதாகச் சொன்னாள். மணிக்கட்டில் விரல் வைத்தாள். காற்றை ஏற்றினாள். நூற்று ஐம்பது போனது. நூற்று அறுபது. நூற்று எழுபது. நாடி நிற்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் நிறுத்திய மாத்திரை ஞாபகம் வந்தது. நூற்று எண்பதில் விரலை எடுத்தாள். இறக்கினாள், காத்திருந்தாள், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மறுபடி ஏற்றினாள், கேட்டாள். தாளில் 178/104 என்று எழுதினாள்.

மிஸ் வந்து பார்த்தார். தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"தர்ஷினி… ஆர் யூ ஷ்யூர்?"

அவள் தான் எழுதியதைத் திரும்பப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ பாரு. டைம் இருக்கு. நான் அந்தப் பெட்டைப் பாத்துட்டு வர்றேன்."

இரண்டாம் முறையும் அதே மாதிரி செய்தாள். முள் எங்கே இறங்கும்போது அவள் கண் விரிந்தது என்று நானும் பார்த்தேன். அதே இடம். காதில் இருந்து குழாயை எடுத்தாள். கட்டில் காலில் இருந்த அட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஜுன்வெய்யையும் நூருலையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் கூரையைப் பார்த்தேன்.

நோயாளி உதவக் கூடாது என்பது விதி. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது விதிக்காக இல்லை. ஃபார்மில் பொய் சொன்னது தெரிந்துவிடும், என்னை இங்கே அனுப்பிய துப்புரவு கம்பெனிக்குப் போன் போகும், வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள் என்ற கணக்குத்தான் ஓடியது. அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் அவள் 178/104 மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 132/82 என்று எழுதினாள்.

மிஸ் வந்தார். "ம். இப்ப சரி" என்று அவள் தாளில் தேறியதாகக் குறித்தார்.

யாருக்கும் நஷ்டம் இல்லை. அவள் தேறிவிட்டாள். என் வேலையும் தப்பித்தது. பேசாமல் எழுந்து போயிருக்கலாம். பட்டையைக் கழற்றிக்கொண்டே அவள் ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். அது பாடம். அதன் பிறகு, குனிந்து, தமிழில் ஒன்று சொன்னாள்:

"சாரி அங்கிள், ரெண்டு தடவ அமுக்கிட்டேன். என் காதுதான் சரியில்ல போல."

இவ்வளவு சரியாகக் கேட்ட ஒரு காதை அவள் இனிமேல் நம்பமாட்டாள். புதன்கிழமை ஆஸ்பத்திரியில், என்னைப் போலவே நார்மல் என்று சொல்லும் யாரோ ஒருவர் கையைப் பிடிப்பாள். கேட்பது ஒன்று, எழுதுவது ஒன்றாக இருக்கும். நான் இதை அப்போது இப்படி வரிசையாக யோசிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

"மிஸ்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"என்னண்ணே?"

"அந்தப் பொண்ணு முதல்ல எழுதினதுதான் சரி."

"அண்ணே, நீங்க பேசக் கூடாது."

"எனக்குப் பிரஷர் இருக்கு மிஸ். மாத்திரை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு."

மிஸ் இரண்டு பேர் கேட்கிற மாதிரியான ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்தார். ஒரு ஜோடியைத் தன் காதிலும் இன்னொன்றைத் தர்ஷினி காதிலும் வைத்தார். காற்று ஏறியது, இறங்கியது. 180/104.

தர்ஷினியின் தாளை எடுத்து, அடித்திருந்த எண்ணின் மேல் மிஸ் விரலை வைத்தார்.

"இதையா கேட்ட?"

"எஸ் மிஸ்."

"ரெண்டாவது தடவையும்?"

"எஸ் மிஸ்."

"அப்புறம் ஏன் அடிச்ச?"

"கார்டுல நூத்து இருபத்தெட்டு இருந்துச்சு மிஸ்."

மிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று என்னைக் கேட்டார். கழுத்துக்குப் பின்னால் கொஞ்ச நாளாக வலி என்றேன்.

"ஏண்ணே ஃபார்ம்ல இல்லைன்னு போட்டீங்க?"

"எல்லா ஃபார்ம்லயும் அப்படித்தான் மிஸ் போடுவேன்."

"யாரு உங்களை இப்ப ஊருக்கு அனுப்பப் போறாங்க? நீங்க பி.ஆர். லா!"

"தெரியும் மிஸ். வாய்க்குத் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. தர்ஷினியைப் பார்த்து, "மாத்திரையை ஏன் நிறுத்தினாருன்னு யாரு கேக்கணும்? இவர் உன் பேஷண்ட். கேளு" என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "அங்கிள், மாத்திரை ஏன் சாப்பிடல?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகாமல் அப்படியே இருந்தாள். இங்கே பாலிகிளினிக் என்னும் அரசாங்கக் கிளினிக்கில் இதே கேள்வியை இப்படிக் கேட்பார்கள்: "மருந்து தினமும் சாப்பிடறீங்களா?" ஆம் என்றதும் அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள். இவள் காத்துக்கொண்டிருந்தாள்.

மகள் வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று உடம்பு கூசியது. கடைசியில் சொன்னேன். அது நீர் பிரியும் மாத்திரை. காலையில் போட்டால் மதியம் வரை அரை மணிக்கு ஒரு தரம் போக வேண்டும். கழிவறை வார்டின் அந்தக் கோடியில். நாற்பது பிள்ளைகள், முக்கால்வாசி பெண் பிள்ளைகள், பாடம் நடக்கும்போது நடுவில் எழுந்து எழுந்து நடந்து போக வெட்கமாக இருந்தது. அதனால் நிறுத்தினேன்.

நான் என்ன சொன்னேன் என்று ஜுன்வெய் கேட்டான். தர்ஷினி ஆங்கிலத்தில் சொன்னாள். "மை டாட் ஆல்சோ" என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை.

"வேற மாத்திரை இருக்கு அங்கிள்" என்றாள் தர்ஷினி. "டாக்டர்கிட்ட இந்த ரீசனைச் சொன்னா மாத்தித் தருவாங்க. சொல்லணும், அவ்வளவுதான்."

மிஸ் எழுந்தார். மூன்று பேரின் தேர்ச்சியையும் ரத்து செய்தார். தான் அளக்காமல் விட்டது தன் தப்பு என்று அறிக்கையில் எழுதப்போவதாகவும், திங்கட்கிழமை மூன்று பேருக்கும் மறுதேர்வு என்றும் சொன்னார். தர்ஷினியிடம் மட்டும் தனியாக, "நீ சரியா கேட்ட. அதனாலதான் எனக்கு அதிகமா கஷ்டமா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல, அங்கிள்?"



6

அன்று மதியமே பாலிகிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். இளவயது டாக்டர். காரணத்தைச் சொன்னேன். ஒரு முறை சொல்லிவிட்டதால் இரண்டாம் முறை அவ்வளவு கடினமாக இல்லை. அவர் கணினியில் ஏதோ தட்டி வேறு மாத்திரை எழுதினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு மாதமாக நான் கழுத்து வலியோடு அலைந்த விஷயம் இரண்டு நிமிடம்.

கம்பெனி சூப்பர்வைசர் சாயங்காலம் போன் செய்தார். வேலை போச்சு என்று நினைத்துத்தான் எடுத்தேன். "ஏம்பா, உன்னைத் துடைக்கத்தானே அனுப்பினேன்? யாரு படுக்கச் சொன்னது?" என்றார். அறிக்கை, கையெழுத்து, புது ஃபார்ம் என்று அவருக்கும் மூன்று தாள் வேலை வைத்துவிட்டேன். இனிமேல் படுக்காதே என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டில் சொல்லத்தான் ரொம்ப நேரம் ஆனது. சாப்பாட்டுத் தட்டை எடுத்த பிறகு சொன்னேன். மல்லிகா குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். சத்தம் அதிகமாக இருந்தது. காவியாதான் வெடித்தாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? நான்தானே டிக் பண்ணேன்! நான் கேட்டேன்ல? சும்மான்னு சொன்னீங்க!"

"தப்புதான்மா."

"ஸோ இட்ஸ் மை ஹேண்ட்ரைட்டிங். உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. என் பொய்யை அவள் பேனாவால் எழுத வைத்திருக்கிறேன். முருகேசனைப் பற்றி அவளிடம் இதுவரை சொன்னதில்லை. தங்குமிடத்தைப் பற்றியே சொன்னதில்லை. அவமானம் என்று இல்லை. கேட்கமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். எங்கள் நடுவில் மேஜையில் எந்தத் தாளும் இல்லை. நடுவில் புரியாத தமிழ்ச் சொற்களுக்கு அவள் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் கேட்டாள். போனைத் தொடவில்லை. மல்லிகா குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

திங்கட்கிழமை மறுதேர்வுக்கு என்னைப் படுக்க விடவில்லை. நானே படுக்கிறேன் என்று மிஸ்ஸிடம் கேட்டும் பார்த்தேன். "உங்க பிரஷர் இறங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். பெரியவர் ஒருவர் தொண்டராக வந்திருந்தார். ஒல்லியான கை. இந்த முறை மிஸ் இரண்டு முறை அளந்து எழுதி வைத்துக்கொண்டார். கட்டில் காலில் அட்டை இல்லை.

ஜுன்வெய்யும் நூருலும் முடித்துவிட்டு வெளியே போனார்கள். ஜுன்வெய் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். தர்ஷினி உள்ளே போனாள். திரையை இழுத்துவிட்டார்கள். நான் இந்தப் பக்கம் துவைத்து வந்த விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டிருந்தேன் என்பது பேருக்குத்தான். ஒரே விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பெயர் கேட்பது கேட்டது. தொடப்போகிறேன் என்று சொல்வது கேட்டது. காற்று ஏறும் சத்தம். நின்றது. மறுபடி ஏறியது. இறங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

ரொம்ப நேரம் போல இருந்தது. ஒரு எண் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பெரியவர் மெல்ல இருமினார். அவள் எதையாவது எழுதி முடித்துவிடுவாளோ, ஏதாவது ஒரு சாதாரண எண், யாரும் சந்தேகப்படாத ஒரு எண், என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நானாக இருந்தால் எழுதியிருப்பேன்.

"மிஸ்" என்றாள். "எனக்குச் சரியா கேக்கல."

தாள் சரசரக்கும் சத்தம்.

"நம்பர் தெரியல மிஸ். தெரியாம எழுத மாட்டேன். இன்னொரு தடவ பாக்கலாமா? இந்தக் கை வேணாம், அந்தக் கையில பாக்கறேன்."

"பேஷண்ட்டைக் கேளு" என்றார் மிஸ்.

அவள் பெரியவரிடம் ஆங்கிலத்தில் அனுமதி கேட்டாள். கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போகும் காலடி. பட்டை சுற்றும் சத்தம். காற்று ஏறி, மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. அவள் ஒரு எண்ணைச் சொன்னாள். பேனா தாளில் போகும் சத்தம் கேட்டது. அது அவளுடையதா மிஸ்ஸுடையதா என்று தெரியவில்லை.

திரை விலகியது. மிஸ் என்னைத் தாண்டிப் போகும்போது, "புதன்கிழமை இவளும் போறா" என்று மட்டும் சொன்னார்.

தர்ஷினி பின்னால் வந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் வந்தது.

"இன்னும் இல்ல அங்கிள். காலையில இருந்து தண்ணி கூட இறங்கல. இங்க பாருங்க."

நிரம்பியிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். மூடியே திறக்கவில்லை. கீழே கேன்டீனில் பரோட்டா முடிவதற்குள் போகச் சொன்னேன்.